தோல் அறிவு யாருடையது?

புறநானூற்றின் 82ஆம் பாட்டில் கட்டில் கட்டுகிற ஒருவர் வருகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை வேறு, பொழுதும் சாய்கிறது. அவர் அவசரமாய்த் தோல்வாரை ஊசியில் இழுத்துக் கட்டிலைப் பின்னுகிறார். அரசன் பொருத வேகத்துக்கு அந்த ஊசியின் வேகத்தை உவமை சொல்கிறார் சாத்தந்தையார். எம்.ஏ. வகுப்பில் இந்த உவமையின் அழகை ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த மனிதரைப் பாட்டு ‘இழிசினன்’ என்று அழைப்பதை அரை நிமிசத்தில் கடந்து போனார்கள். கையின் வேகம் உவமைக்கு வேண்டியிருக்கிறது, கைக்குச் சொந்தக்காரன் மட்டும் இழிந்தவன். தோலின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது.

எங்க தாத்தா ஈரோட்டுப் பக்கம் மாதாரி வளவில் இருந்தவர். ஒரு தோலை எடுத்தால் மயிர்ப்பக்கம், சதைப்பக்கம் இரண்டையும் தடவிப் பார்த்துத்தான் பேசுவார். முதுகுத்தோல் கெட்டி, செருப்பின் அடிக்கு அதுதான். வயிற்றுத்தோல் இழுத்தால் நீளும், அடிக்கு ஆகாது. எருமைத்தோல் தடிப்பு. வெள்ளாட்டுத்தோல் மெல்லிசு, ஆனா பலம். செம்மறித்தோல் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கிழியும். இன்றைக்குப் பெரிய கடைகளில் ‘ஜெனியூன் லெதர்’ என்று முத்திரை குத்தி விற்பது பல நேரம் என்ன தெரியுமா? தடித்த தோலை எந்திரத்தில் குறுக்கே பிளந்து, மேல்பாகத்தை நல்ல விலைக்குத் தனியே எடுத்துக்கொண்டு, மிஞ்சிய அடிப்பாகத்தில் பூச்சு பூசி, தோல் ரேகை மாதிரி அச்சு அழுத்தியது. அதுவும் தோல்தான், பொய்யில்லை. ஆனால் தோலின் நெருக்கமான நார் மயிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைச் சீவி எடுத்த பிறகு மடிக்கிற இடத்தில் பூச்சு வெடிக்கத்தான் செய்யும்.

பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போடுவது நம்ம பக்கத்து வழி. ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும். கடைசியில் கடுக்காய்ச் சாறு கொடுத்தால் அந்தச் சிவப்பு தட்டாது. பிறகு புங்கெண்ணெய். சென்னை மாகாணத்தில் இப்படிப் பதனிட்ட தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. 1914-18 போரில் பட்டாளத்துப் பூட்ஸுகளின் மேல்தோலாக ஆனதும் அதுதான். பெயரில்கூடக் கம்பெனிக்காரன் இருக்கிறான், சக்கிலியன் இல்லை.

குரோம் உப்பில் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் அந்தச் சோதனையைத் தொடங்கினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல்பறிக்கு நல்ல தோல் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் லண்டனிலிருந்து மார்லி பிரபு உத்தரவு போட்டதும் பட்டறை சர்க்கார் கையை விட்டுப் போனது. குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும், பட்டைத்தோல் சுருண்டுவிடும். சாயம் ஏறாத வெட்டுமுகத்தைப் பாருங்கள்: குரோம் என்றால் நீலம் கலந்த சாம்பல், பட்டை என்றால் பழுப்பு.

பறியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ‘தோல் நனையக் கூடாது’ என்று கடையில் சொல்கிறார்கள். பறி நாளெல்லாம் கிணற்றுக்குள் முங்கி முங்கி வந்தது. தோலைக் கெடுப்பது நனைவதைக் காட்டிலும், நனைந்ததை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்து வேகமாய்க் காய்ச்சுவதுதான். செருப்போ பூட்ஸோ நனைந்தால் உள்ளே பழைய பேப்பரை அடைத்து நிழலில் வையுங்கள். லேசாய் ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், எண்ணெய் சொட்டக் கூடாது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பட்டைத்தோலில் ஈர இரும்பு பட்டால் கறுத்துவிடும். பறைக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. அது பதனிடாத பச்சைத்தோல், மயிர் நீக்கிக் காயவைத்து இழுத்துக் கட்டியது. ஈரத்தில் தொய்யும், தீயில் காட்டினால் விறைத்துப் பேசும். ‘தோல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை இருக்கிறது.

இத்தனையும் தெரிந்தவருக்கு என்ன கிடைத்தது? செத்த மாட்டைத் தூக்குவது கடமை. பறி தைப்பதும், ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவதும், பண்ணையக்காரருக்குச் செருப்பு தைப்பதும் கடமை. கூலி, அறுவடைக்குக் களத்தில் அளந்து போடுகிற தானியம். தான் தைத்த செருப்பைத் தாத்தா ஊர்த்தெருவில் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். மின்சார மோட்டார் வந்தது, பறி போனது. தோல் வியாபாரியிடமும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் போனது. நாற்றம் மட்டும் சேரியில் நின்றுவிட்டது.

செத்த மாட்டை இழுப்பதை விடுங்கள் என்று 1927இல் மகாத்தில் அம்பேத்கர் சொன்னார். அதற்கு மாற்றுக்கருத்தே கிடையாது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்களே, அதற்குப் பிறகும் குலத்தொழில் பெருமை பேசுகிறவனை என்ன சொல்வது! பாலாற்றங்கரை கெட்டதற்கு 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2015 சனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். இந்தத் தொழிலைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. தோழர்கள் சிலர், “அப்படீன்னா எதுக்கு எழுதுறே, மறந்துற வேண்டியதுதானே” என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. அடிமைத்தனத்தை விடலாம், அதில் நம்ம சனங்க சேர்த்த அறிவை எதற்கு விடணும்? 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அங்கே அது விஞ்ஞானம், பட்டம், சம்பளம். வளவில் அதே அறிவு தீட்டு.

அதனால் போன வருசத்திலிருந்து நோட்டும் கையுமாய் வளவு வளவாய்ப் போகிறேன். தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், பட்டை இடித்தது பெண்கள். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா சொன்னார்: “மொதல் ஊறலுக்குப் பழைய சாறு விடணும் கண்ணு. எடுத்ததுமே புதுச்சாறு விட்டா மேலே மட்டும் புடிச்சுக்கும், உள்ளே பச்சையாவே நிக்கும்.” தொழிற்சாலைத் தொட்டிகளிலும் இதே வரிசைதான், நீர்த்த சாறு முதலில், கெட்டிச்சாறு கடைசியில். ஒரு எருமைத்தோலுக்கு எத்தனை மரக்கால் பட்டை என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார், அதற்குள் பேத்தி ரேசன் கடைக்குக் கூப்பிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.