ஈகையும் ஆதாயமும்: பெர்காவ் அணை கற்பித்த பாடம்

கொடை என்னும் சொல்லுக்கு எம்மொழியிலும் உயர்ந்த இடமே உண்டு. ஆயினும் தனிமனிதர் கொடுப்பது தம் பொருளை. அரசு கொடுப்பதோ குடிமக்கள் செலுத்திய வரிப்பணத்தை. ஆதலின் அரசின் கொடைக்குச் சட்டம் வேண்டும், கணக்கு வேண்டும், அனைத்திற்கும் மேலாகத் தெளிவான நோக்கம் வேண்டும். செல்வ நாட்டு அரசுகள் வறிய நாடுகளின் வளர்ச்சிக்கென வழங்கும் மானியம் உண்மையில் யாருடைய வளர்ச்சியை நாடிப் புறப்படுகிறது? இவ்வினாவுக்குப் பிரிட்டனின் வரலாற்றில் நாம் விடை தேடுவோம்.

1929-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குடியேற்ற நாடுகளின் வளர்ச்சிக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு 10 இலட்சம் பவுன் வரை வழங்க அது வழி செய்தது. அப்போது பிரிட்டனில் வேலையின்மை தலைவிரித்தாடிக் கொண்டிருந்தது. குடியேற்ற நாடுகளின் உழவையும் தொழிலையும் வளர்த்து, அதன் வாயிலாகப் பிரிட்டனின் வணிகத்தையும் தொழிலையும் பெருக்குவதே நோக்கம் என அச்சட்டமே ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. 1930-களில் மேற்கிந்தியத் தீவுகளில் தொழிலாளர் கிளர்ச்சிகள் வெடித்தபின், 1940-இல் வந்த புதிய சட்டம் தொகையை ஆண்டுக்கு 50 இலட்சம் பவுனாக உயர்த்தியது. மக்கள் நலத்தையும் தன் நோக்கங்களுள் சேர்த்துக் கொண்டது.

குடியேற்ற ஆட்சி மறைந்து, விடுதலை பெற்ற நாடுகள் பல தோன்றின. 1970 அக்டோபரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, செல்வ நாடுகள் தம் தேசிய உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.7 பங்கை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்க வேண்டும் என இலக்கு வகுத்தது. அதாவது நூறு பவுனில் எழுபது பென்ஸ்! இச்சிறு பங்கையும் அளிக்க முன்வந்த நாடுகள் மிகச் சிலவே.

கொடையால் நன்மையே விளைந்ததில்லை என்று நாம் கூறோம். பெரியம்மையை ஒழிக்கும் உலகப் பெருமுயற்சிக்கு அரசுகள் பல பணம் தந்தன. சோவியத் ஒன்றியம் தடுப்பு மருந்தை வாரி வழங்கியது. 1975-இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டது. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோயாளியின் நலம் ஒன்றே நோக்கமாயிருந்தபோது கொடை இத்துணை பெரிய பயனை விளைத்தது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1977-இல் பிரிட்டன் தன் உதவி நிதியின் ஒரு பகுதியைத் தன் நிறுவனங்கள் வெளிநாட்டு ஒப்பந்தங்களை வெல்லத் துணையாகும் வண்ணம் ஒதுக்கி வைத்தது. அவ்வழியிற் சென்ற பணத்துள் பெரும் புகழ் பெற்றதும் பெரும் பழி சுமந்ததும் பெர்காவ் அணைக்கான மானியமேயாகும்.

பெர்காவ் என்பது, நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறைத் தொடர்புள்ள மலேசியாவில், கிளந்தான் மாநிலத்து ஆறு. 1988 மார்ச்சில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர், மலேசியாவுக்கு ஆயுதம் விற்பது பற்றிய ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். ஆயுத விலையின் நூற்றுக்கு 20 பங்கு அளவுக்கு வளர்ச்சி உதவி தரப்படும் என்னும் கருத்தும் அதில் இடம்பெற்றிருந்தது. இவ்விரண்டையும் பிணைத்தல் முறையன்று எனப் பின்னர் அரசு விலகிக்கொண்டது. உதவி வாக்குறுதியோ நின்றபடியே நின்றது. பெர்காவ் ஆற்றில் மின்னுற்பத்தி அணை கட்டப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் முன்வந்தன. முதலில் 31.6 கோடி பவுன் எனப்பட்ட செலவு, விரைவிலேயே 39.7 கோடியாயிற்று.

உதவித் துறையின் பொருளியல் வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். எரிவாயுவால் மின்சாரம் எடுப்பதே மலிவு. இவ்வணையால் மலேசிய மக்களுக்குப் பல ஆண்டுகளில் ஏறத்தாழ 10 கோடி பவுன் மிகைச்செலவே நேரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கஸ்டர் தம் மறுப்பை எழுத்தில் பதிவு செய்தார். ஆயினும் பிரதமர் தாட்சர் கொடுத்த வாக்கு முன்னே நின்றது. 1991-இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் மானியத்துக்கு ஒப்புதல் அளித்தார். பல ஆண்டுகளுக்குப் பகுத்து வழங்க வேண்டிய மொத்தத் தொகை 23.4 கோடி பவுன்!

வறுமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட பிரிட்டிஷ் இயக்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 1994 நவம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவிக்கான 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாட்டின் வளர்ச்சிக்காகவே பணம் கொடுக்க அதிகாரம் தருகிறது; பொருளியல் நோக்கில் பழுதான திட்டம் வளர்ச்சியாகாது; ஆகவே அமைச்சரின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் மதரஸாக்களில் சட்டநூல் பயின்றோர்க்கு இத்தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. ‘ஹிபா’ என்பது கைம்மாறு கருதாத நன்கொடை. கைம்மாற்றை நிபந்தனையாக்கிக் கொடுப்பின் அது முடிவில் விற்பனையின் விதிகளுக்கே உட்படும் என்பது சட்ட அறிஞர் கருத்து. விற்பனை பாவமன்று, ஆனால் விற்பனையை நன்கொடை என்று பெயரிட்டு அழைப்பது முறையாகாது. ஆதாயமின்றி ஆற்றைக் கட்டி இறைப்பார் உண்டோ என நம் முன்னோர் வினவியது பெர்காவ் ஆற்றுக்கு எத்துணைப் பொருத்தம்!

தீர்ப்பு வீண்போகவில்லை. 1997-இல் வந்த புதிய அரசு வணிகத்தோடு பிணைந்த அவ்வொதுக்கீட்டை ஒழித்தது. வளர்ச்சி உதவி வறுமையைக் குறைக்கத் துணைபுரிதல் வேண்டும் என 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2013-இல் பிரிட்டன் 0.7 என்னும் இலக்கை எட்டியது. 2015-இல் அதனையும் சட்டமாக்கியது.

ஆனால் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. சட்டம் ஏட்டில் இருக்கவே, 2021-இல் பங்கு 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2027-க்குள் அதனை 0.3 ஆகச் சுருக்கி, மீதமாகும் பணத்தைப் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்புவதாக 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. 1988-இல் ஆயுத விற்பனைக்குத் துணையாக உதவிப்பணம் சென்றது. 2025-லோ உதவிப்பணமே படைச்செலவுக்குச் செல்லலாயிற்று.

கொடுப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள் கொடுக்கும் நாட்டின் குடிகளே என்பதை நாம் மறத்தலாகாது. மின்கட்டணம் செலுத்தப்போகும் மலேசியக் குடும்பத்தை அன்று யாரும் கேட்கவில்லை. நிதி குறைந்தபின் மருந்துக்கும் பள்ளிக்கும் வழியற்றுப் போகும் ஏழைக்கும் அந்நாட்டில் வாக்குரிமை இல்லை. எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பதோடு, எதற்காகக் கொடுக்கப்படுகிறது, பெறுபவரைக் கேட்டுக் கொடுக்கப்படுகிறதா என்பவற்றையும் வைத்தே கொடையை எடைபோட வேண்டும். பெறுபவரின் குரல் கொடுப்பவரின் அவையில் ஒலிக்கும் நாள் வரும்வரை, வளர்ச்சி உதவி என்னும் பெயரைக் கேட்டவுடன் மகிழாது, அதன் கணக்கையும் கேட்கக் கற்றுக்கொள்வோமாக!