இணையமில்லாத வீட்டில் லினக்ஸ்: பென் டிரைவில் வரும் மென்பொருள்

வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய மடிகணினியில் டெபியன் லினக்ஸ் போட நினைக்கும் பேசாலை, தலைமன்னார்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "டேட்டா எவ்வளவு போகும்?"

டெபியனில் 1999 முதல் உள்ள 'ஆப்ட்', ஒரு மென்பொருளுக்கு வேண்டிய துணைப் பொதிகளையும் தானே தேடி இறக்கும். ஆனால் வழக்கமாக இணையம் வேண்டும். அதற்கு மாற்றுவழி 'ஆப்ட்-ஆஃப்லைன்'. வீட்டுக் கணினியில் அது தேவைகளை ஒரு சிறு கோப்பாக எழுதும். அதைப் பென் டிரைவில் மன்னார் நகருக்குக் கொண்டுபோய், இணையமுள்ள கணினியில் பொதிகளை இறக்கி, வீட்டில் நிறுவலாம். அங்கிருப்பது விண்டோஸ் என்றாலும் பைத்தனும் இந்தக் கருவியும் இருந்தால் சரி.

வைஃபைக்கான ஃபேர்ம்வெயர், 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் கோப்பிலேயே சேர்ந்திருக்கிறது. என் கணிப்பில் புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல் இதுதான்.

இணையம் கிடைக்கும் நாளிலேயே ஆப்ட்-ஆஃப்லைனைப் போட்டுவையுங்கள். பொதிப் பட்டியல் பழசாகியிருந்தால் நகருக்கு இரண்டு பயணம்: முதலில் பட்டியலுக்கு, பிறகு பொதிகளுக்கு.