பொன்முத்திரையும் உரைகல்லும்

மணலிலோ பழைய வீட்டு மண்ணிலோ கண்டெடுக்கப்படும் நகையில் முதலில் தேடப்படுவது முத்திரையே. ஆயிரம் பங்கில் தூய உலோகம் எத்தனை என்பதை அதிலுள்ள எண் உணர்த்தும்: 916 எனின் 22 கரட் பொன், 750 எனின் 18 கரட், 925 பெரும்பாலும் வெள்ளி.

ஆயின், முத்திரை இல்லையெனின் பொன்னன்று எனத் தீர்ப்பது வரலாற்றறியாமை. கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருப் பட்டறைகளில் நெடுங்காலம் மாற்றைத் தீர்மானித்தவை உரைகல்லும் பொற்கொல்லரின் கண்ணுமே. திருக்குறள் கூறும் கட்டளைக்கல்லும் இதுவே. உரைத்த கோட்டை மாற்றறிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு, அமிலமிட்டு நோக்குவர். அவ்வறிவு உழைப்பாளியின் உடைமை. முத்திரையோ அதனை அவன் கையினின்று பிரித்து நிறுவனத்திடம் சேர்க்கிறது.

பிணை நிற்பவர் யார் என்பது அதிகாரம் பற்றிய வினாவாகும். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கூறுகின்றன. எடைக்கல்லுக்கு இறைவன் பெயர்! இங்கிலாந்தில் 1300 ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிக்கலங்களுக்குச் சிறுத்தைத்தலை முத்திரையை விதித்தது. தாலிக்கொடி இத்தனை பவுண் என நாம் பேசுகையில், 7.98 கிராம் எடையுள்ள, 22 கரட் பிரித்தானிய நாணயமே நம் நாவில் நிற்கிறது. இன்று இலங்கையிற் பவுண் 8 கிராம்.

வங்கியை நம்பாத நடுத்தரக் குடும்பங்களுக்கு நகையே சேமிப்பு. 1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டபோது அச்சேமிப்பும் பறிபோயிற்று. அவ்வாறு போன நகையை உருக்கினால் மாற்று ஏறக்குறைய அப்படியே எஞ்சும். புதிய நகையில் மீண்டும் 916 எனப் பொறிக்கலாம். அதனைச் செய்தவரையும் அணிந்தவரையும் அவ்வெண்ணிலிருந்து கண்டறிய எந்த உரைகல்லாலும் இயலாது.