ஸிமுனுல் தீவின் நான்கு தூண்கள்

அரபு இலக்கண வகுப்பில் 'மக்தூம்' என்ற சொல் வரும்போதெல்லாம் நம் நினைவு இரண்டு ஊர்களுக்குச் சென்று மீள்வதுண்டு. 'காதிம்' என்றால் ஊழியம் செய்பவர். 'மக்தூம்' என்றால் ஊழியம் செய்யப்படுபவர், அதாவது பிறர் பணிந்து போற்றும் பெரியார். நாம் நினைக்கும் ஊர்களுள் ஒன்று பொன்னானி. மஅபர் எனப் பெயர் பெற்ற நம் கிழக்குக் கரையிலிருந்து மலையாளக் கரைக்குச் சென்று, தம் பெயரோடு 'மஅபரி' என்பதையும் சுமந்து, அங்கே கல்வி விளக்கேற்றிய மக்தூம்களின் ஊர் அது. அதை நம் வாசகர்கள் அறிவார்கள். மற்றொன்று, அறிந்தவர் மிகச் சிலரே உள்ள ஓர் ஊர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடியில், ஸிமுனுல் என்னும் சிறு தீவில், தூபிக் இந்தாங்கான் என்ற கடலோரச் சிற்றூர். அங்குள்ள பள்ளிவாசல் ஷைகு கரீமுல் மக்தூம் (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்குகிறது.

பிலிப்பைன்ஸ் என்றவுடன் ஸ்பானியர் நட்ட சிலுவையும் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஆங்கிலமும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டின் பெயரே ஒரு ஸ்பானிய மன்னரின் பெயர்தான். ஆனால் ஸ்பானியர் அங்கே நிலையாகக் குடியேறிய 1565-ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸிமுனுலில் தொழுகை நடந்தது என்பது அத்தீவினரின் உறுதியான மரபு. அந்த மரபு எந்த அளவுக்கு நிற்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன் தீவையே ஒருமுறை சுற்றி வருவோம்.

மிந்தனாவோ பெருந்தீவின் மேற்கு முனையிலிருந்து போர்னியோவை நோக்கிக் கடலில் கற்களை எறிந்தாற்போல ஒரு தீவுச் சங்கிலி செல்கிறது. பாஸிலான், ஜோலோ, சியாசி என்று தொடரும் அச்சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் தாவி-தாவி மாகாணம். வடக்கே ஸுலு கடல். தெற்கே ஸெலிபீஸ் கடல். மணிலாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இத்தீவுகளுக்கு மலேசியாவின் ஸபா மாநிலம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மாகாணத் தலைநகர் பொங்காவ். அதன் குன்று கடலில் வருவோர்க்குத் தொலைவிலேயே தெரியும். அங்கிருந்து இயந்திரப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் ஸிமுனுலை அடையலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள இடமாதலால் ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு.

ஸிமுனுல் என்பது தீவின் பெயர் மட்டுமன்று. அதனோடு மானுக் மங்காவ் என்ற சிறு தீவையும் சேர்த்து, நம் ஊராட்சி ஒன்றியத்தை ஒத்த ஒரு நிர்வாக வட்டாரத்துக்கும் அதுவே பெயர். 'பாராங்கை' எனப்படும் சிற்றூர்கள் 15 அதில் அடங்கும். மக்கள் முப்பதாயிரத்துக்கு மேல். மிகப் பெரும்பாலோர் ஸாமா இனத்து முஸ்லிம்கள். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நிலம் பவளப் பாறையாலானது. பெரிய ஆறு கிடையாது, நெல்லுக்கும் இடமில்லை. தென்னையும் மரவள்ளியும்தான் மண் தரும் செல்வம். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து ஆவியில் வேகவைத்து, சுட்ட மீனோடு உண்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பூத்து' என்று அறியும்போது, நம் வீட்டுப் புட்டுக் குழாய் நினைவுக்கு வராமல் போகாது. கப்பலையும் அந்த வட்டாரத்தில் 'கப்பல்' என்றே கூறுகிறார்கள்.

மண் தராததைக் கடல் தருகிறது. மீன் எப்போதும் உண்டு. 1970-களிலிருந்து கடற்பாசி வளர்ப்பும் சேர்ந்துகொண்டது. ஆழமற்ற கடலில் முளைகளை நட்டு, அவற்றுக்கிடையே கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிடுகிறார்கள். ஒன்றரை மாத அளவில் அது வளர்ந்து பெருகும். அறுத்து, பரண்களில் உலர்த்தி, பொங்காவ் வியாபாரிகளுக்கு விற்கிறார்கள். உணவுப் பண்டங்களையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் பொருள் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. பிலிப்பைன்ஸில் கடற்பாசி மிகுதியாக விளையும் மாகாணம் தாவி-தாவியே. விலையை வைப்பதோ தொலைவிலுள்ள ஆலைகள். விலை விழுந்தால் ஸிமுனுல் வீட்டு அடுப்பு அதை உடனே அறியும்.

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம். கட்டடம் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இன்றிருப்பது அண்மைக் காலத்தது. ஆனால் அதனுள்ளே நான்கு மரத் தூண்கள் நிற்கின்றன. 'இப்பில்' என்னும், கரையானும் எளிதில் அரிக்காத வைரம் பாய்ந்த மரத்தாலானவை. முதற் பள்ளியைத் தாங்கியவை அவைதாம் என்று ஊரார் கூறுகின்றனர். அப்பள்ளி எழுந்த ஆண்டு கி.பி. 1380, அதாவது ஹிஜ்ரி 782, என்பதே வழிவழியாக வரும் கணக்கு.

இந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? தூணில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஸுலுவின் 'தர்ஸிலா' என்னும் வமிசாவளி ஏடுகளை ஆதாரமாகக் கொண்டு பின்னோர் கணித்த ஆண்டு இது. தர்ஸிலா என்பது நம் 'ஸில்ஸிலா'வேதான். கடல் கடந்து நாவில் உருமாறியது. அரபு எழுத்தில், மலாய் மொழியிலும் தவ்ஸுக் மொழியிலும் எழுதப்பட்ட ஏடுகள் அவை. அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பாட்டியின் மடியில் கேட்டு வளர்ந்த நமக்கு, தம் தாய்மொழிக்குக் குர்ஆனின் எழுத்தை அணிவித்துக்கொண்ட மக்கள் அந்நியராகத் தோன்றுவதில்லை. அந்த ஏடுகளைத் திரட்டி ஆங்கிலத்தில் 1905-லும் 1908-லும் வெளியிட்டவர் நஜீப் ஸலீபி என்ற லெபனான் நாட்டு மருத்துவர். அமெரிக்க ஆட்சியில் ஊழியம் பார்த்த அந்தக் கிறிஸ்தவர் அவற்றைத் திரட்டி அச்சேற்றாதிருந்தால் அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும்.

ஏடு சொல்வதைக் கேளுங்கள். மக்தூம் அவர்கள் இரும்புக் கலமொன்றில் கடல் கடந்து வந்தார். ஜோலோ தீவிலுள்ள புவான்ஸாவில் தங்கினார். மக்கள் நாலாபுறத்திலிருந்தும் அவரிடம் வந்தனர். அவர் அங்கே தொழுகைக்கு ஓர் இல்லம் அமைத்தார். இவ்வளவுதான். இங்கே ஒரு சிக்கல் தோன்றுவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஏடு கூறும் ஊர் புவான்ஸா. தூண்கள் நிற்கும் ஊரோ ஸிமுனுல். அவர் அடக்கமாகியிருக்கும் இடம் என்று காட்டப்படுவதும் ஒன்றன்று. ஜோலோ, லூகுஸ், ஸிபூத்து ஆகிய தீவுகள் மூன்றும் அந்தப் பேற்றுக்கு உரிமை கோருகின்றன. மலாக்காவில் இஸ்லாத்தைப் பரப்பிவிட்டே அவர் இங்கு வந்தார் என்று கூறுவாரும் உளர். மலாக்கா ஒரு துறைமுக அரசாக எழுந்ததே 1400-ஆம் ஆண்டையொட்டித்தான் என்பதால், 1380-க்கு முன்னே அங்கு அவர் பணி செய்து முடித்தார் என்பது கணக்கில் பொருந்தவில்லை.

பிலிப்பைன்ஸ் முஸ்லிம் வரலாற்றாசிரியர்களில் தலையாயவர் சீஸர் அதீப் மஜூல். 1973-ல் வெளிவந்த அவருடைய பெருநூல், மக்தூம் என்பதை ஒருவரின் இயற்பெயராகக் கொள்ளாமல், அக்கடலில் உலவிய அழைப்பாளர் பலரின் பட்டமாகக் காண்கிறது. நமக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஒருவர் புவான்ஸாவிலும், அவர்தம் தோழரோ மாணவரோ ஸிமுனுலிலும் பணி செய்திருக்கலாம். பின்வந்தோர் நினைவில் பலர் ஒருவரானார்கள். அந்தப் பட்டம் நம் நாட்டிலும் வழங்கியது என்பதைக் கொண்டு அவரை நம் கரையிலிருந்து சென்றவர் என்று உரிமை கொண்டாட முற்படுவோரை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு ஆதாரம் இல்லை. புகழ் நமக்கு வேண்டுமென்பதற்காக ஒரு பெரியாருக்குப் பிறந்த ஊர் தேடித் தருவது அவருக்குச் செய்யும் கண்ணியமாகாது.

ஏட்டை விடக் கல் உறுதியானது. ஜோலோ நகருக்கருகே பூத் தாத்து குன்றிலுள்ள ஒரு மீஸான் கல் துஹான் மக்பாலு என்பவருடையது. அதில் ஹிஜ்ரி 710 என்று பொறித்திருக்கிறது. கி.பி. கணக்கில் அது 1310. ஆகவே மக்தூமுக்கு எழுபதாண்டு முன்பே ஸுலுவில் முஸ்லிம் ஒருவர் வாழ்ந்து, சிறப்போடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சீனரின் குறிப்பு மற்றொரு சான்று. 1417-ல் ஸுலுவின் மன்னர் மூவர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிவாரத்தோடு மிங் பேரரசரைக் காணச் சென்றனர். அவர்களுள் கிழக்கு மன்னர் திரும்பும் வழியில் தெஜோ என்ற ஊரில் காலமானார். அவருடைய கல்லறை அங்கே இன்றும் பேணப்படுகிறது. அதைக் காக்கத் தங்கிய மக்களின் வழியினர் சீன முஸ்லிம்களாக வாழ்கின்றனர். அந்த மன்னரின் பட்டம் 'பதுக்கா பத்தாரா'. பதுக்கா என்பது பாதுகை. அதனால் அவர் முஸ்லிம் அல்லர் என்று முடிவுகட்டவும் இயலாது. 1450-ஐயொட்டி ஸுல்தானகத்தை நிறுவிய ஷரீபுல் ஹாஷிமும் பதுக்கா என்ற அடைமொழியையே பூண்டிருந்தார். பழைய அணிகளைக் கழற்றாமலே புதிய மார்க்கத்தை ஏற்ற மக்கள் அவர்கள். நாம் 'நோன்பு' என்று தமிழில் சொல்வதைப்போல, உபவாசத்திலிருந்து பிறந்த 'புவாஸா' என்ற சொல்லால் இன்றும் ரமளானை அவர்கள் நோற்கிறார்கள்.

ஸுல்தான்களின் காலத்தில் ஸிமுனுலுக்குத் தனிச் சரித்திரம் என்று பெரிதாக எதுவுமில்லை. 'பங்ளிமா' எனப்பட்ட தலைவர்கள் ஸுல்தானின் பெயரால் ஊர்களை ஆண்டனர். அப்பட்டத்தைத் தாங்கிய ஒரு சிற்றூர் இத்தீவில் இப்போதும் உண்டு. ஸ்பானியர் இம்மக்களைத் தம் பழம் பகைவரின் பெயரால் 'மோரோ' என்று அழைத்து முந்நூறு ஆண்டு போரிட்டும், 1876-ல்தான் ஜோலோவில் நிலைத்துக் கால் ஊன்றினார்கள். 1898-ல் பாரிஸ் உடன்படிக்கைப்படி அமெரிக்கா பிலிப்பைன்ஸை வாங்கியபோது, வரைபடத்தில் கோடு போட்டவர்கள் ஸிமுனுலுக்கு அண்டையிலுள்ள ஸிபூத்துவைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். 1900-ல் மற்றோர் உடன்படிக்கை செய்து, ஒரு இலட்சம் டாலர் கொடுத்து, அத்தீவையும் காகாயான் ஸுலுவையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

கேளாமல் நடந்தவற்றுள் கொடியது இனிமேல்தான் வருகிறது. ஸபா ஒருகாலத்தில் ஸுலு ஸுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதைக் காட்டி 1962-ல் பிலிப்பைன்ஸ் அரசு ஸபாவுக்கு உரிமை கோரியது. மார்கோஸ் ஆட்சியில் ஸபாவுக்குள் இரகசியமாகப் படையை ஊடுருவச் செய்ய ஒரு திட்டம் உருவாயிற்று. 1967-ல் அதன் பயிற்சி முகாம் அமைந்த இடம் ஸிமுனுல். மேஜர் எட்வர்டோ மார்ட்டெலினோ என்பவர் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து, அவ்வூர்ப் பெண்ணையும் மணந்து, தவ்ஸுக், ஸாமா இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார். சீருடையும் சம்பளமும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சென்றார்கள். ஸபாவில் இருப்பவரோ அவர்களுடைய உறவினர்.

1968-ஜனவரியில் அவர்களை மணிலா விரிகுடாவின் வாயிலிலுள்ள கொரெகிடோர் தீவுக்குக் கப்பலேற்றினர். சம்பளம் வரவில்லை, உணவும் சரியில்லை. அதிபருக்கே முறையீடு எழுதினார்கள். மார்ச் 18-ஆம் நாள் விடியலில், சிறு சிறு குழுவாக விமானத் தளத்துக்கு அழைத்துச் சென்று சுட்டார்கள் என்பது, காலில் குண்டடிபட்டுக் கடலில் குதித்துப் பிழைத்த ஜிபின் அருலாவின் சாட்சியம். இறந்தோர் எண்ணிக்கையில் கணக்குகள் வேறுபடுகின்றன. இராணுவ நீதிமன்றம் 1971-ல் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஜபீதா படுகொலை என்று பெயர்பெற்ற அந்நிகழ்ச்சியே மோரோ மக்களின் விடுதலைக் கிளர்ச்சிக்குத் தீ மூட்டியது. எழுத்துக்கு எழுத்து அதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. அழைப்பாளர் ஒருவரை ஏற்று நம்பிய தீவு அது. அறுநூறு ஆண்டு கழித்து அதே கலிமாவை மொழிந்து வந்த மற்றொருவரையும் நம்பியது.

பின் நடந்தவை பலர் அறிந்தவை. 1972-ல் இராணுவச் சட்டம். 1973 செப்டம்பர் 11-ல் ஸுலுவிலிருந்து தாவி-தாவி தனி மாகாணமாகப் பிரிப்பு. 1974 பிப்ரவரியில் ஜோலோ நகரம் எரிந்து சாம்பலானபோது படகேறித் தாவி-தாவிக்கும் ஸபாவுக்கும் ஓடிய குடும்பங்கள். 1996-லும் 2014-லும் சமாதான ஒப்பந்தங்கள். 2013-ஆம் ஆண்டு மட்டும் தனித்துச் சொல்லத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 18-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மூன்றாம் அக்கினோ கொரெகிடோருக்கே சென்று கொல்லப்பட்டவர்களை நினைவுகூர்ந்தார். அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் இயற்றிய 10573-ஆம் எண் சட்டம் தூபிக் இந்தாங்கான் பள்ளிவாசலைத் தேசிய வரலாற்றுத் திருத்தலமாக அறிவித்தது.

ஆண்டுதோறும் நவம்பர் 7-ஆம் நாளை அப்பகுதி முஸ்லிம்கள் ஷைகு கரீமுல் மக்தூம் நினைவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2019-ல் அமைந்த பங்ஸமோரோ தன்னாட்சிப் பகுதியில் தாவி-தாவியும் ஸுலுவும் இடம்பெற்றன. ஸுலு மாகாண மக்கள் வாக்கெடுப்பில் அதை ஏற்கவில்லை என்ற காரணத்தால், 2024 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் ஸுலுவை அப்பகுதியிலிருந்து நீக்கிவிட்டது. ஏட்டில் மக்தூம் தொழுகை இல்லம் அமைத்த புவான்ஸா இன்று தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. தூண்கள் நிற்கும் ஸிமுனுல் உள்ளே இருக்கிறது. வெள்ளிதோறும் இரு ஊர்களிலும் 'பிலால்' எழுந்து பாங்கு சொல்கிறார். நம் பள்ளிகளைப் போலவே அங்கும் அப்பணியாளரின் பெயர் பிலால்தான்.