மெய்நிகர் உண்மை

கணினி உருவாக்கிய முப்பரிமாண வெளிக்குள் தாமே இருப்பதாகப் பயனரை உணரவைக்கும் தொழில்நுட்பம், சுருக்கமாக வி.ஆர். எனப்படும். தலை திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதே இதன் முதன்மையான இயல்பு. வெறுமனே ஆழத்தைக் காட்டும் கருவிகள் இதில் சேரா.

இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டினால் மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் தமது ஸ்டீரியோஸ்கோப் மூலம் இதை விளக்கினார். அமெரிக்கத் திரைக்கலைஞர் மார்டன் ஹெய்லிக் 1962இல் காப்புரிமை பெற்ற சென்சோராமா, முப்பரிமாணப் படத்துடன் காற்று, மணம், இருக்கையின் அதிர்வு ஆகியவற்றையும் தந்தது. ஆனால் பார்ப்பவர் அதில் எதையும் மாற்ற இயலாது. அது திரையரங்கின் நீட்சியே.

உண்மையான தொடக்கம் ஐவன் சதர்லாண்டுடையது. மாணவர் பாப் ஸ்ப்ரௌலின் உதவியுடன் அவர் உருவாக்கி 1968இல் அறிவித்த தலையணிக் கருவியில், மேற்கூரையிலிருந்து தொங்கிய உலோகக் கை தலையின் அசைவை அளந்தது. கோடுகளால் ஆன கனசதுரம் போன்ற எளிய உருவங்களே தெரிந்தன. ஆயினும் பயனர் நகர நகர அவற்றின் தோற்றமும் மாறியது. பாதி ஒளிபுகும் ஆடிகள் வழியே அறையும் தெரிந்ததால், நிஜக் காட்சியின்மேல் கணினிப் படத்தைப் பொருத்தும் இன்றைய கருவிகளுக்கும் இதுவே முன்னோடி.

1980களில் ஜேரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் தலையணிகளையும், விரலசைவை உணரும் கையுறையையும் விற்றது. ‘வெர்ச்சுவல் ரியாலிட்டி’ என்ற பெயரைப் பரப்பியவரும் லேனியரே. விலையோ வீடுகளுக்கு எட்டாதது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்ட வெர்ச்சுவல் பாய் மலிவானது. ஆனால் அது சிவப்பு நிறப் படங்களையே காட்டியது, தலையசைவையும் அறியவில்லை. பெயரில் மட்டுமே மெய்நிகரான அந்தக் கருவி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது.

தடையாக நின்றது படத்தின் தரம் மட்டுமன்று, தாமதமும்தான். தலை திரும்புவதை உட்செவி உடனே உணர்கிறது. படம் பின்தங்கினால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். தாமதம் ஏறக்குறைய 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. திறன்பேசிச் சந்தை பெருகியதால் சிறிய கூர்மையான திரைகளும் அசைவை உணரும் சென்சார்களும் மலிவாயின. அவற்றைக் கொண்டு பால்மர் லக்கி வடிவமைத்த ஆக்குலஸ் ரிஃப்ட் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளத்தில் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2019இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட், தன்மேல் பொருத்திய கேமராக்களாலேயே அறையை அளந்து, கணினி இணைப்பின்றி இயங்கியது.

தீராத குறை ஒன்று உண்டு. அருகிலுள்ள பொருளைப் பார்க்கக் கண்கள் உட்புறமாகத் திரும்புகின்றன. ஆனால் பெரும்பாலான கருவிகளில் கண்வில்லை ஒரே நிலையான தொலைவிலேயே குவிய வேண்டியிருக்கிறது. நெடுநேரப் பயன்பாட்டில் கண் சோர்வடைய இம்முரண்பாடும் ஒரு காரணம்.