ஓசையிற் பிறந்த உருவங்கள்



சிற்பம் செய்பவனுக்குச் சங்கீதம் எதற்கு என்று கேட்பாருளர். நம் முன்னோர் இக்கலைகளைத் தனித்தனியே வைத்து எண்ணினாரல்லர். விஷ்ணுதர்மோத்தரம் என்னும் வடமொழி நூலில், திருவுருவம் அமைக்கும் முறையைக் கூறுமாறு வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேய முனிவரை வேண்டுகிறான். ஓவியம் அறியாதவனுக்குச் சிற்பம் கைவராது என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நடனமும், நடனத்துக்கு வாத்தியமும், வாத்தியத்துக்கு வாய்ப்பாட்டும் வேண்டும் என அவர் விளக்கம் தொடர்கிறது. ஆக, சிற்பியின் கல்வி பாட்டிலே தொடங்குகிறது.

இதற்குச் சான்று தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசன் காலத்தில், 1010இல் நிறைவெய்திய அக்கோயில் விமானத்தின் மேற்தளத்தில், பரத சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கரணம் என்பது கையும் காலும் இணைந்த அசைவு. கல்லோ அதன் ஒரு கணத்தையே காட்டும். முன்னும் பின்னும் உள்ள அசைவுகளைத் தாளம் அறிந்த கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

கொழும்பில் 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, சிவநடனம் பற்றி 1918இல் வெளியிட்ட நூலால் மேலைநாட்டார்க்கு உணர்த்திய நடராச வடிவத்தை நோக்குங்கள். வலக்கரம் ஒன்றில் உடுக்கை இருக்கிறது. அதன் ஓசையிலிருந்தே படைப்புத் தோன்றியது என்பது சைவ மரபு.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த எம் முன்னோர் கோபுரங்களைக் கொண்டுவரவில்லை, தப்பைக் கொண்டுவந்தனர். விடியலில் பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு முழங்குவதும் தப்பு. அரிதாரம் பூசி, முடி தரித்து ரதியும் மதனும் வருகையில் ஓர் அடி. பாத்திரம் மாறினால் அடியும் மாறும். இருட்டில் தூர நிற்பவரும் வருவது யாரென்று செவியாலேயே அறிவர். வண்ணமும் ஓசையும் இணைந்த இக்கலையை ஏட்டுக் கல்வி இல்லாத எளிய தொழிலாளரே தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

இன்றோ, தப்பு என்னும் சொல்லை எழுதவே கூசும் மாணவரை என் வகுப்பில் காண்கிறேன். இழவு வீட்டு வாத்தியம், தாழ்ந்தது என்று பெரியோர் சிலர் ஊட்டிய எண்ணம் அது. சித்திரம் கற்போர் சங்கீதத்தையும், சங்கீதம் கற்போர் சித்திரத்தையும் கைவிடும்படியே நமது பாடத்திட்டமும் அமைந்துள்ளது. தப்பை ஒதுக்கி அரிதாரத்தை மட்டும் மேடையேற்றினால் அது வெறும் வேடமாகவே எஞ்சும். ஆதலால் நம் பாடசாலைகள், தப்படிக்கும் பெரியவர்களை விழா நாளில் மட்டுமன்றி, ஆசான்களாக வகுப்பறைக்கும் அழைத்தல் வேண்டும்.