வாடகைத் தூண்

மதுரை புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலம் ஞாபகமிருக்கா? 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. தலைமுறைகளாக அங்கே தைத்தவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தொழில் அவர்களுடையது, மண்டபம் அவர்களுடையதல்ல. தனியாளாக ஆப் எழுதும் எங்கள் கதையும் இதுதான்.

2008 ஜூலையில் ஆப்பிள் சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோரைத் திறந்தது. அப்போது விற்பனையில் 30 சதவீதம் கடைக்குப் போனது. அதைக்கூடக் கொடுத்துடலாம். நாம் விற்பதையே மண்டபக்காரர் சும்மா கொடுத்துவிட்டால்?

தமிழில் இதற்கொரு முன்கதை உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். பெரும்பாலான ஃபோன்களுக்குத் தமிழே தெரியாத காலத்தில், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அவருடைய 'செல்லினம்' வெளியானது. தமிழிலேயே எஸ்எம்எஸ் அனுப்ப முடிந்தது. பிறகு ஐபோனுக்கும் வந்தது. ஆனால் மற்ற செயலிகளுக்குள் நுழைய அதற்கு அனுமதியில்லை. செல்லினத்தில் தட்டி, காப்பி பண்ணி, வேறிடத்தில் ஒட்டணும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது, தமிழ்99ஓடு அவருடைய அஞ்சல் விசைமுறையும் ஃபோனுக்குள்ளேயே இருந்தது. வெளியார் விசைப்பலகைகளுக்குக் கதவு திறந்தது அதற்கடுத்த ஆண்டுதான்.

இது வெற்றியா, இழப்பா? செல்லினத்தைத் தேடி இறக்கும் அவசியம் குறைந்தது. அவர் பெயரே கேள்விப்படாதவர்களும் அவருடைய முறையில் தமிழ் தட்ட ஆரம்பித்தார்கள்.

என்னுடைய சின்ன நினைவூட்டல் ஆப்பும் ஓர் அப்டேட்டில் காலியானது. மாதம் வந்துகொண்டிருந்த டீக்காசும் நின்றுபோச்சு. அன்றைக்குச் செம கடுப்பு. இப்போது யோசித்தால், அவரிடம் செயலிக்கு முன்பே எழுத்துருவும் விசைமுறையும் இருந்தன. என்னிடம் அந்த ஆப் மட்டும்தான் இருந்தது. சத்திரத்துக்குப் போனாலும் தையல்காரர் கையில் கத்தரிக்கோல் இருக்குமே, அதைத்தான் நான் சம்பாதிக்கவில்லை.